முதலாளியின் பந்து நேராகப் போன நாள்

எங்கள் முதலாளி அடிக்கிற கோல்ஃப் பந்து வலப்பக்கம்தான் போகும். கிழக்கே பார்த்து அடித்தால் தெற்கே போகும். வடக்கே பார்த்து அடித்தால் கிழக்கே போகும். மட்டையை விட்டுக் கிளம்பும்போது ஒழுங்காகத்தான் கிளம்பும். பாதி வழியில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தவள் மாதிரி வலப்பக்கம் திரும்பி, பக்கத்து விசைத்தறிக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் தடால் என்று விழும். அந்தச் சத்தம் கேட்டால் சாயங்காலம் மணி ஐந்தரை என்று எங்கள் பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் கோணலைச் சரிசெய்யும் பொறுப்பு கடைசியில் என் தலையில் விடிந்தது. நான் அந்த விளையாட்டை டி.வி.யில்கூட முழுசாகப் பார்த்தவள் இல்லை. தெற்கத்திக்காரி. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு திருப்பூருக்குப் பஸ் ஏறியவள். மூன்றாம் தையல் லைனில் கைமடியாகச் சேர்ந்தேன்; டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்து அடுக்குகிற வேலை. பிறகு செக்கிங், பிறகு பதினோரு வருஷம் கழித்துக் குவாலிட்டி இன்சார்ஜ். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். ஒரு பீஸை விரித்துப் பார்த்தால் எங்கே கோணல், எதனால் கோணல் என்று நின்ற இடத்தில் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. நடந்ததெல்லாம் அந்தத் திமிரால் நடந்ததுதான்.

முதலாளிக்கு அந்த வயதில் எதற்கு கோல்ஃப் என்று கேட்கலாம். நாங்களும் கேட்டோம், அவர் காதில் விழாதபடி. குண்டடம் பக்கம் காட்டு வேலை செய்து வளர்ந்த மனுஷர். வெயில் என்றால் ஒதுங்கி நிற்க வேண்டும், பந்து என்றால் பிள்ளைகள் விளையாடுவது என்றுதான் அதுவரை இருந்தார். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை ஒழிந்துபோய், இனி உலகமே நம் பனியனைத்தான் போடப்போகிறது என்று ஊரே துள்ளிக்கொண்டிருந்த சமயம் அது. ஐரோப்பாவிலிருந்து சரக்கு வாங்கப் புதிதாக ஒரு பையர் வந்தார். சின்னதாக ஒரு டிரையல் ஆர்டர் கொடுத்தார்: ஒரே மாடல் டி-சர்ட், மூவாயிரம் பீஸ். அது சரியாக அமைந்தால் வருஷம் முழுக்க ஆர்டர் நமக்கு. கிளம்பும்போது, "பீஸைப் பார்க்க வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து கோல்ஃப் ஆடலாம், நீங்கள் ஆடுவீர்கள்தானே?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் பையர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான். மூன்று நாளில் ஆயிரம் பீஸ் ஆகுமா? எஸ் சார். இந்த நீலம் கடல் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் நீலமாகத் தெரியக் கூடாது, முடியுமா? எஸ் சார். கோல்ஃப் ஆடுவீர்களா? எஸ் சார். அன்று சாயங்காலமே முதலாளி சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டு ஒரு மூட்டை மட்டைக்குச் சொல்லிவிட்டார்.

இதில் சிரிக்க முடியாத சங்கதி ஒன்று இருந்தது. எங்களிடம் மூன்று தையல் லைன். முதல் இரண்டுக்கும் பழைய பையர்கள் இருந்தார்கள். மூன்றாவதற்கு ஆர்டர் இல்லை. முதலாளி மீட்டிங்கில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "இந்தப் பையரோட வருஷ ஆர்டர் வந்தா மூணாவது லைன் ஓடுமுங்க. வரலீன்னா தீவாளியோட மூடிர வேண்டீதுதான். சும்மா உக்கார வெச்சுச் சோறு போட நானென்ன சத்திரமா கட்டி வெச்சிருக்கறேன்?" அந்த லைனில் முப்பத்தெட்டுப் பேர். பாதிக்கு மேல் என் ஊர்ப் பக்கத்துப் பெண்கள். பல பேரை நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு கூட்டி வந்து சேர்த்தேன். நான் முதன்முதலில் உட்கார்ந்த ஸ்டூலும் அந்த லைனில்தான் கிடந்தது. அது மூடினால் அவர்களைத் திரும்ப பஸ் ஏற்றிவிட வேண்டியவளும் நான்தான்.

ஆக, மூன்றாம் லைன் இரண்டு விஷயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூவாயிரம் டி-சர்ட் நேராக இருக்க வேண்டும். முதலாளியின் பந்து நேராகப் போக வேண்டும். முதலாளியைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம் என்பார்.

கம்பெனிக்குப் பின்னால் கிடந்த காலியிடத்தைச் செதுக்கி மைதானம் ஆக்கினார்கள். கடைக்கோடியில் பந்தைத் தடுக்க ஒரு திரை. வலை வாங்கலாம் என்று மேனேஜர் சொன்னார். "வேஸ்ட் துணி குடோன் நெறையக் கெடக்குது, வலை எதுக்குங்க?" என்று முதலாளி ரிஜக்ட் ஆன பனியன் துணியை மூங்கிலில் கட்டச் சொன்னார். நடுவில் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார்கள். மூன்று மாதம் அந்த வட்டத்தில் ஒரு பந்தும் படவில்லை. வலப்பக்கத் தறிக்காரர் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை மஞ்சப்பையில் பந்துகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வருவார். "ஏனுங்க, உங்க கோழி எங்கூட்டு மேலயே முட்ட உடுதுங்க," என்பார். முதலாளி அவருக்குக் காப்பி கொடுத்து இரண்டு ஜட்டியும் கொடுத்து அனுப்புவார்.

கோணலுக்கு வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? வாஸ்துக்காரர் வந்து, அடிக்கிற திசை சரியில்லை என்று மைதானத்தையே திருப்பிப் போட்டார். அப்புறமும் பந்து வலப்பக்கம்தான் போனது. கூரைக்குப் பதிலாகத் தறிக்காரர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, அவ்வளவுதான். பழையபடியே திருப்பினார்கள். பந்து கனம் பத்தவில்லை என்றார் ஒருவர். மட்டை ராசியில்லை என்று இன்னொரு மூட்டை மட்டை வந்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, அந்தக் கூடத்தை இடித்துக் கட்டுவது ஒன்றுதான் பாக்கி. அக்கவுண்டண்ட் மட்டும் ரொம்பப் பணிவாக, "சார், பந்து சரியாத்தானுங்க போகுது. வட்டத்த வலது பக்கம் தள்ளிப் போட்டுட்டா என்னுங்க?" என்று கேட்டார். முதலாளி அதை இரண்டு நாள் யோசித்தார் என்பதுதான் கொடுமை.

கோயமுத்தூரிலிருந்து நிஜமாகவே ஆடத் தெரிந்த ஒரு கோச்சும் வந்தார். நாலு பந்தைப் பார்த்தார். "சார், மட்டையைப் பிடிக்கிறதுதான் தப்பு. அடிக்கிற நேரத்துல மட்டை வலப்பக்கம் பார்த்துத் திறந்துக்குது. இடது கையைக் கொஞ்சம் திருப்பிப் பிடிங்க, தானாச் சரியாகும்," என்றார். அரை நிமிஷ வைத்தியம். முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. "ஏனுங் தம்பி, பத்து வயசுல மம்முட்டி புடிச்சு மண்ணு வெட்டுன கைங்க இது. எனக்குப் புடிக்கத் தெரியாதுங்கறீங்களா?" என்றார். கோச்சுக்கு அரை டஜன் டி-சர்ட் பார்சல் கட்டிக் கொடுத்து மரியாதையாக வழியனுப்பிவிட்டார்கள். தப்பு கையில் இருக்கிறது என்று சொல்கிறவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

இந்த இடத்தில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒருநாள் சாயங்காலம் சாம்பிள் காட்டப் போனவள், பந்து வளைவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டரிடம், "பாய், நம்ம துணி மாதிரியே திருகுது பாருங்க," என்று சொல்லித் தொலைத்தேன்.

பனியன் துணியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒற்றைப் பின்னல் பனியன் துணிக்குத் திருகுகிற புத்தி உண்டு. தைத்த அன்று டி-சர்ட்டின் இரண்டு பக்கத் தையலும் விலாவில் நேராக நிற்கும். நாலு தடவை துவைத்துப் போட்டால் ஒரு பக்கத் தையல் மெதுவாக வயிற்றுக்கு வந்துவிடும், இன்னொன்று முதுகுக்குப் போய்விடும். நூலில் ஏற்றிய முறுக்கு, சாயப்பட்டறையில் துணியை இழுத்த இழுப்பு எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. நோயை ஒழிக்க வேண்டுமானால் நூல்காரரும் சாயக்காரரும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். அது நடக்கிற காரியமா? அதனால் எங்களிடம் ஒரு குறுக்கு வழி உண்டு. துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு துண்டை எடுத்து மூன்று தடவை துவைத்துப் பார்ப்போம். ஒன்றரை இஞ்ச் வலப்பக்கம் திருகுகிறதா? அப்படியானால் வெட்டும்போதே ஒன்றரை இஞ்ச் இடப்பக்கம் சாய்த்து வெட்டிவிடுவோம். பிறகு துணி திருகித் திருகித் தானே நேராக வந்து நிற்கும். அதில் பாயும் நானும் கைதேர்ந்தவர்கள். பாய் திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், கத்திரியோடு பிறந்தவர் என்று சொல்வார்கள்.

நான் சொன்னது முதலாளி காதில் விழுந்துவிட்டது. "என்ன அம்மிணி சொன்னீங்?" என்று திரும்பினார்.

"இல்லீங்க சார். துணி திருகினா நாங்க சாய்ச்சு வெட்டுவோம். அது மாதிரி... நீங்க நேரா நிக்காம இடப்பக்கம் பாத்துச் சாஞ்சு நின்னு அடிச்சா, பந்து வளைஞ்சு வந்து வட்டத்துல விழும்லா?"

பாய் தாடியைத் தடவினார். "சரியாத்தான்மா இருக்கு. எத்தனை இஞ்ச்?" என்றார்.

எத்தனை இஞ்ச் என்று நான் நிஜமாகவே அளந்தேன். பந்து விழுந்த இடத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் டேப்பைப் பிடித்து, கணக்குப் போட்டு, முதலாளி நிற்க வேண்டிய சாய்வுக்குத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தேன். வெட்டு மேசையில் கிழிக்கிற அதே சாக்பீஸ். முதலாளி கோட்டில் கால் வைத்து, கூரைக்கு எதிர்ப்பக்கம் இருந்த சைக்கிள் ஷெட்டைப் பார்த்துக்கொண்டு அடித்தார். பந்து சைக்கிள்களை நோக்கிக் கிளம்பியது, பாதியில் மனசு மாறியது, வளைந்து வந்து சிவப்பு வட்டத்தில் பொத்தென்று விழுந்தது.

"அட கெரகத்த!" என்று கத்தினார் முதலாளி. அக்கவுண்டண்ட் கைதட்டினார். பாய் என்னைப் பார்த்து, "மாஷா அல்லா, துணி வெட்டுறதுக்குன்னு கண்டுபுடிச்ச வித்தை எங்கெல்லாம் போகுது பாரும்மா," என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயமுத்தூர் கோச்சுக்கு முடியாததை நான் ஒரு இஞ்ச் டேப்பை வைத்துச் செய்துவிட்டேன். மட்டையைப் பிடிக்கிற கை அதே கோணலில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? பந்து விழுந்ததா இல்லையா?

அன்றிலிருந்து முதலாளி என்னைக் 'கோச்சம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிக்குத்தான், ஆனால் கேட்க இனிப்பாக இருந்தது. ஐந்தரைக்கு மைதானத்துக்கு வர வேண்டும் என்று செக்கிங்கிலிருந்து என்னை விடுவித்தார்கள். இத்தனை வருஷத்தில் முதலாளி காரில் முன் சீட்டில் உட்கார்ந்தது அப்போதுதான். மூன்றாம் லைன் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "யக்கா, நல்லாச் சொல்லிக் குடுங்க. நம்ம பொழப்பே அந்தப் பந்துலதான் இருக்காம்லா?" என்றாள் ஓவர்லாக் தைக்கிற ஒருத்தி. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த வாரம் சாயப்பட்டறைக்காரர் போன் செய்தார். அவரை நான் ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். துணியைக் கோணலாக இழுக்கிறீர்கள், ஊறப் போடுவதில்லை, அவசரத்துக்குப் பிறந்தவர் என்று சாயங்காலமானால் ஒரு அர்ச்சனை. "யக்கா, புது மெஷின் போட்டிருக்கேனுங்க. நூலும் நல்ல நூலு. டிரையல் ஆர்டர் துணிய நானே நின்னு ஓட்டுனனுங்க. இந்தத் தடவ திருகாதுங்க," என்றார்.

"ஆமாமா, உங்க துணி திருகாது, நாய் வாலும் நிமிரும்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

துணி வந்து இறங்கியது வியாழக்கிழமை. அன்று முதலாளி என்னைக் கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கும் நிஜ மைதானத்துக்குக் கூட்டிப் போகிறார். பையர் வருவதற்குள் அந்தத் தரையில் ஒருநாள் பழக வேண்டும், கோடு கிழிக்கக் கோச்சம்மா வேண்டும். ஒரு துண்டு துணியை மூன்று தடவை துவைத்துக் காயவைத்துப் பார்க்க ஒரு முழுப் பகல் வேண்டும். காரில் போகும்போது பாய் போன் போட்டார். "துணி வந்துடுச்சும்மா. கழுவிப் பார்த்துட்டு நாளைக்கு வெட்டலாமா?"

"நாளைக்கு வெட்டினா தச்சு முடியாது பாய். வழக்கம்போல ஒன்றரை இஞ்ச் சாய்ச்சு வெட்டுங்க."

"ஒரு கழுவு கழுவிடலாமே?"

"நம்ம துணி என்னைக்கு பாய் நேரா இருந்திருக்கு?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு வெட்டினார்.

மூன்றாம் லைன்தான் அதைத் தைத்தது. அவ்வளவு சுத்தமாக ஒரு லாட்டை அவர்கள் தைத்து நான் பார்த்ததில்லை. ஒரு நூல் பிசிறு இல்லை. பெட்டி கட்டும்போது ஒவ்வொரு பீஸையும் சாமிக்குச் சாத்துகிற துணியைப் போல மடித்தார்கள்.

பையர் சொன்னபடி வந்தார். ஞாயிறு ஆட்டம், திங்கள் இன்ஸ்பெக்‌ஷன். மைதானத்துக்கு நாங்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி மூன்று கார்களில் போய் இறங்கினோம். முதலாளி, மேனேஜர், கைதட்ட அக்கவுண்டண்ட், கோடு பார்க்க நான். பையருக்குத் துணைக்கு, இங்கே அவர் சார்பில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற பையிங் ஆபீஸ்காரர் ஒருவர். பையர் அடக்கமான மனுஷர், நல்ல உயரம். முதல் பந்தை அவர் அடித்தார். அது நேராகப் போய், கொடி நட்டிருந்த பச்சைத் தரையின் நடுவில் உட்கார்ந்தது.

முதலாளி வந்தார். அங்கே சாக்பீஸ் கோடு கிழிக்க முடியாது என்பதால் நான் முன்னாலேயே அடையாளம் சொல்லியிருந்தேன்: இடப்பக்கம் கார் நிறுத்துகிற இடத்துக்கு ஓரமாக ஒரு வேப்பமரம், அதைப் பார்த்து நிற்க வேண்டும். முதலாளி வேப்பமரத்துக்கு வணக்கம் வைக்கிற மாதிரி திரும்பி நின்றார். பையர் முதலாளியைப் பார்த்தார். கார்களைப் பார்த்தார். மறுபடி முதலாளியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, விருந்தாளி என்ற மரியாதையில் அடக்கிக்கொண்டார். பிறகு அவர் பார்வை முதலாளியின் கைக்குப் போனது. அங்கேதான் வினை. தெரிந்த வித்தையை யாராவது தப்பாகச் செய்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே. கிட்டே வந்து, முதலாளியின் இடது கையைப் பிடித்து மட்டையின் மேல் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே விலகினார்.

கோயமுத்தூர் கோச் சொன்ன அதே திருப்பு. அவர் சொன்னபோது மம்முட்டி பிடித்த கைக்கு அவமானம். பையர் திருப்பி வைத்தபோது வேதவாக்கு. "எஸ் சார்," என்றார் முதலாளி. கையை அப்படியே வைத்துக்கொண்டார். காலை மட்டும் மாற்றவில்லை, கோச்சம்மா சொன்ன இடம் ஆயிற்றே.

நான் "சார்!" என்று வாயைத் திறப்பதற்குள் அடித்துவிட்டார்.

பந்து நேராகப் போனது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, நூல் பிடித்த மாதிரி, கொஞ்சம்கூட வளையாமல், எதைப் பார்த்து நின்றாரோ அந்தப் பக்கமே போய், வேப்பமரத்தடியில் நின்ற பையிங் ஆபீஸ் காரின் முன்கண்ணாடியில் இறங்கியது. பழக்க தோஷத்தில் அக்கவுண்டண்ட் கைதட்டிவிட்டார்.

மேனேஜர் காரைப் பார்த்து ஓடினார். அப்புறம் பையர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதலாளியின் தோளில் தட்டினார். பையிங் ஆபீஸ்காரரும், கார் அவருடையது இல்லை, கம்பெனியுடையது என்பதால் தாராளமாகச் சிரித்தார். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். வருஷ ஆர்டர் கைக்கு வந்துவிட்டது என்று மேனேஜர் என் காதில் சொன்னார்.

திரும்பும்போது முதலாளிக்குக் கால் தரையில் இல்லை. "பாத்தீங்ளா அம்மிணி? நேராப் போச்சுங்! கார் கெடக்குது கழுத, எவ்வளவு நேராப் போச்சுங்!" என்று மங்கலம் பிரிவு வருகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஆமாங்க ஆமாங்க என்றேன். என் மனக்கணக்கு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கோணலுக்குக் கணக்குப் பண்ணி ஆளைச் சாய்த்து நிறுத்தினேன்; கோணல் சரியான அன்று பந்து கண்ணாடியில் போய் விழுந்தது. அப்படியானால் துணி? சாயக்காரர் குரல் காதிலேயே நின்றது. 'இந்தத் தடவ திருகாதுங்க.' பாவி, நான் ஒரு துண்டைக்கூடத் துவைத்துப் பார்க்கவில்லையே!

கம்பெனி வாசலில் இறங்கிய வேகத்தில் ஒரு பெட்டியைப் பிரித்து இரண்டு பீஸை மெஷினில் போட்டேன். துவைத்து, காயவைத்து, மறுபடி துவைத்து, மூன்றாம் தடவை மேசையில் விரித்தபோது ராத்திரி ஒன்பதரை ஆகியிருந்தது. துணி துளிகூடத் திருகவில்லை. அவ்வளவு அருமையான துணி எங்கள் கம்பெனிக்கு வந்ததே இல்லை. நாங்கள் சாய்த்து வெட்டிய ஒன்றரை இஞ்ச் அப்படியே நின்றது. தைத்தபோது அயர்ன் மறைத்திருந்ததைத் தண்ணீர் வெளியே கொண்டுவந்துவிட்டது. இடப்பக்கத் தையல் முதுகுப் பக்கம் ஓடியிருந்தது. ஆறு மாதம் திட்டி ஒருவரைத் திருத்திவிட்டு, அவர் திருந்திவிட்டார் என்று அவரே சொன்னபோது நம்பாமல் போனேன். அந்த மேசைமேல் குனிந்து அழுதேன்.

முதலாளி வீட்டுக்கே போய்ச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. "இதுக்கு எதுக்கு அம்மிணி கண்ணக் கசக்கறீங்? காத்தால வந்து மேல் பொட்டிகள மட்டும் பிரிச்சு, நெம்ப இழுத்து அயர்ன் போட்டு வெச்சுருங். கண்ணாடிய ஒடச்சதுக்கே சிரிச்ச மனுசன், ஒரு தையலுக்கா கோவிச்சுக்கப் போறாரு?"

நான் என்ன யோக்கியம்? காலையில் ஏழு மணிக்கு மூன்றாம் லைன் பெண்களைக் கூப்பிட்டு, மேலே இருந்த பெட்டிகளைப் பிரித்து, அயர்ன்காரரிடம் இழுத்து இழுத்துக் கொடுக்கச் சொன்னேன். எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. யக்கா சொன்னால் சரியாக இருக்கும்.

பையர் பத்து மணிக்கு வந்தார், நேற்றைய சிரிப்பு முகத்தோடு. மேல் பெட்டியைத் தொடவே இல்லை. அடியில் இருந்த ஒரு பெட்டியை உருவச் சொல்லி, மூன்று பீஸை எடுத்து, தானே மெஷினில் போட்டார். இளநீர் வந்தது, சாப்பாடு வந்தது, முதலாளி நேற்றைய பந்தைப் பற்றி இரண்டு தடவை பேசினார். மதியத்துக்கு மேல் பையர் காய்ந்த டி-சர்ட்டை மேசையில் விரித்தார். முதுகுக்கு ஓடியிருந்த தையலின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் சொன்னார். பையிங் ஆபீஸ்காரர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்: "நேத்து நீங்க ஏன் காருங்களப் பாத்து நின்னீங்கன்னு இப்பத்தான் புரியுதாமுங்க."

யாரும் சிரிக்கவில்லை, அக்கவுண்டண்ட் உட்பட. நான்தான் முன்னால் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "சார், மை மிஸ்டேக். கிளாத் குட் சார்," என்றேன். பையர் துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். ஆமாம், துணி ரொம்ப நல்ல துணி என்றார். யார் சாயம் போட்டது என்று கேட்டு, சாயப்பட்டறைக்காரரின் நம்பரை டைரியில் எழுதிக்கொண்டு போனார்.

வருஷ ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. அதன் துணி முழுக்க நம் சாயக்காரரிடம்தான் ஓடியதாம். போன் போட்டு, "எல்லாம் நீங்க திட்டுனதுனாலதானுங்க யக்கா," என்று நன்றி சொன்னார். மனுஷர் நிஜமாகவே நன்றியாகத்தான் சொன்னார். பாயோடு நான் ஒரு வாரம் பேசவில்லை, பிறகு அவராகவே வந்து, "ரெண்டு பேரும்தானேம்மா சிரிச்சோம்," என்றார்.

முதலாளி என்மேல் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் இடது கையைத் திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, காலையும் நேராக வைக்கப் பழகியிருந்தார். சிவப்பு வட்டம் கிழிந்து, புதுத் திரை கட்ட வேண்டிவந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கோச்சம்மாவுக்குத்தான் பேர் என்று என்னைக் காட்டுவார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மூன்றாம் லைனை மூடினார்கள். மெஷின்களுக்கு உறை போட்டாகிவிட்டது. பெண்கள் பையோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்கு வேறு கம்பெனி, சிலருக்கு ஊருக்குப் பஸ். நான் அவர்களோடு போய் உட்கார்ந்தேன். ஓவர்லாக் தைத்தவள்தான் பேசினாள்.

"யக்கா, மொதலாளி பந்து இப்ப நேராப் போகுதாம்லா? நீங்கதான் சரி பண்ணிக் குடுத்தியளாமே?"

குத்திக் காட்டவில்லை. பாவம், எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள். நான் ஆமா என்று தலையாட்டினேன்.

அவள் பக்கத்துத் தறிக் கொட்டகைக் கூரையைப் பார்த்தாள். "மணி என்னக்கா ஆச்சு? இன்னைக்குச் சத்தமே கேக்கல. பஸ்ஸ விட்டுருவனோ?" என்றாள்.

"அஞ்சரை தாண்டிட்டு," என்று சொல்லி, அவள் பையை நான் தூக்கிக்கொண்டேன்.